கணினி கண் திறக்க மறுத்தால்

மின்விசையை அழுத்தியதும் விளக்கு எரிகிறது. உள்ளே விசிறி சுழலும் ஓசையும் கேட்கிறது. ஆனால், கருமையான திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி மட்டும் வந்து நிற்கிறது: இயங்குதளம் காணப்படவில்லை. நாளை ஒப்படைக்க வேண்டிய இடுபணியும் பல ஆண்டுக் குடும்பப் படங்களும் அந்தக் கணினிக்குள் இருந்தால், வீட்டில் உள்ளவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. "எல்லாம் போயிற்று" என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். உண்மையில், அந்த நேரத்தில் கோப்புகள் வன்தட்டில் பத்திரமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அவற்றைப் பெரும்பாலும் அழிப்பது பழுது அன்று. அதன்பின் பதற்றத்தில் செய்யப்படும் செயல்களே.

கணினி எவ்வாறு கண் விழிக்கிறது என்பதை அறிந்தால் இது விளங்கும். தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறிய சில்லில் தொடக்க நிரல் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். பழைய கணினிகளில் அதன் பெயர் பயோஸ், புதியவற்றில் யூ.இ.எஃப்.ஐ. மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் இயங்குவது அதுதான். நினைவகமும் மற்ற உறுப்புகளும் சரியாக உள்ளனவா என்று அது சோதிக்கும்; பின்னர் வன்தட்டில் உள்ள 'ஏற்றி' என்னும் சிறு நிரலைத் தேடி எழுப்பும். அந்த ஏற்றி, இயங்குதளத்தின் கருவை நினைவகத்திற்குக் கொண்டு வரும். தொடர் ஓட்டத்தில் குச்சி கைமாறுவதைப் போன்றது இது. யாருடைய கையில் குச்சி நழுவியது என்பதைக் கண்டறிவதே முதல் வேலை.

சில வேளைகளில் காரணம் சிரிப்பை வரவழைக்கும். யாரோ செருகிவிட்டு மறந்துபோன விரலியில் இயங்குதளத்தைத் தேடிக் கணினி திகைத்து நின்றிருக்கும். விரலியைப் பிடுங்கினால் போதும். தாய்ப்பலகையில் நாணயம் அளவில் ஒரு மின்கலம் உண்டு. பழைய கணினிகளில் அது தீர்ந்துபோனால் கடிகாரமும் தொடக்க அமைப்புகளும் கலைந்துவிடும். வன்தட்டு 'டிக், டிக்' என்று ஒலி எழுப்பினாலோ நிலைமை வேறு. அது வன்பொருள் பழுது. அந்த வன்தட்டில் எத்தனை முறை இயங்குதளத்தை நிறுவினாலும் பயனில்லை. இயக்க இயக்கக் கோப்புகளுக்குத்தான் ஆபத்து. உடனே மின்சாரத்தைத் துண்டித்து, வல்லுநரிடம் கொண்டு செல்வதே அறிவுடைமை.

வன்தட்டு நலமாக இருந்து, இயங்குதளம் மட்டும் சிதைந்திருக்கலாம். புதுப்பிப்பு நடந்துகொண்டிருக்கும்போது இடிமழையால் மின்சாரம் தடைப்பட்டால் இவ்வாறு நேர்வதுண்டு. விண்டோஸ் சில முறை தொடங்கத் தவறினால், தானே பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். அதை முதலில் முயன்று பார்க்க வேண்டும். தனிப்பட்ட கோப்புகளை வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் மீட்டமைக்கும் வசதியும் அங்கு உண்டு. ஆனால், பின்னர் நிறுவிய செயலிகள் நீங்கிவிடும்.

இவை எதுவும் கைகொடுக்காவிட்டால் மறுநிறுவலே வழி. அதற்கு முன்னர்க் கோப்புகளை வெளியே எடுத்தாக வேண்டும். இங்குதான் லினக்ஸ் உதவிக்கு வருகிறது. உபுண்டு போன்ற இலவச இயங்குதளத்தை வேறொரு கணினியின் துணையுடன் விரலியில் ஏற்றிக்கொண்டால், பழுதான கணினியை அந்த விரலியிலிருந்தே இயக்கலாம். வன்தட்டில் எதையும் நிறுவத் தேவையில்லை. பழைய கோப்புறைகள் திரையில் தோன்றும். அவற்றை மற்றொரு வெளித்தட்டில் படியெடுத்துக்கொள்ளலாம். கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் மட்டும் பூட்டைத் திறக்க 48 இலக்க மீட்புத் திறவெண் வேண்டும். பல மடிக்கணினிகளில் அது உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கின் கடவுச்சொல்லையும் மறந்துவிட்டவர்களின் பாடு திண்டாட்டம்தான்!

விண்டோஸை நிறுவுவதற்குக் குறைந்தது 8 ஜிகாபைட் கொள்ளளவுள்ள விரலி தேவை. அதில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதால் வெற்று விரலியே நல்லது. கணினியைத் தொடங்கும்போது எஃப்12, எஃப்2, எஸ்கேப் போன்ற விசைகளுள் ஒன்றை அழுத்தி, விரலியிலிருந்து தொடங்குமாறு பணிக்க வேண்டும். எந்த விசை என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. அதன்பின் வரும் திரைகள் பெரும்பாலும் எளியவை, ஒன்றைத் தவிர. எந்த வன்தட்டில், எந்தப் பகுதியில் நிறுவுவது என்று கேட்கும் திரையே அது. அங்கே படங்களோ கோப்புப் பெயர்களோ தெரியா. வெறும் எண்களும் கொள்ளளவும் மட்டுமே தெரியும். படியெடுத்த கோப்புகள் உள்ள வெளித்தட்டு இணைக்கப்பட்டிருந்தால் அதுவும் அப்பட்டியலில் நிற்கும். தவறான வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தால், அரும்பாடுபட்டு மீட்டவை அனைத்தும் நொடியில் பறிபோகும். ஆகவே, நிறுவத் தொடங்குமுன் வெளித்தட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

எந்த இயங்குதளத்தை நிறுவுவது என்பதும் சிந்திக்க வேண்டியதே. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025, அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். இவை இல்லாத பழைய கணினியைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. கோப்புகளை மீட்க உதவிய அதே லினக்ஸையே அதில் நிலையாக நிறுவிக்கொள்ளலாம். கட்டுரை எழுதவும் இணையத்தை வலம் வரவும் அது தாராளமாகப் போதும்.