பேய்க்கதை மன்னரின் சம்பளக் கணக்கு

சைடு இன்கம் வந்ததும் பேப்பர் போடலாமா? ஸ்டீபன் கிங் கணக்கைப் பாருங்க நண்பர்களே.

1973-ல் அவர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பள்ளி ஆசிரியர். ஆண்டுச் சம்பளம் 6,400 டாலர். 'கேரி' என்ற பேய்க்கதை நாவலுக்கு அட்வான்ஸ் 2,500 டாலர். வேலையை விட்டாரா? இல்லை. பேப்பர்பேக் உரிமை 4 லட்சம் டாலருக்குப் போய், பாதி தனக்குன்னு உறுதியான பிறகுதான் முழுநேர எழுத்து.

அப்புறமும் ஓய்வில்லை. ஒரு நாளைக்கு 2,000 சொற்கள் என்று இலக்கு வைத்து எழுதியவர். 2025-ல் 'நெவர் ஃப்ளிஞ்ச்' வந்தபோது வயது 77. எஸ்.ஐ.பி. மாதிரிதான்: கொஞ்சம் கொஞ்சமா, நிறுத்தாம.

கொடுக்கிறதுலயும் பிளான் உண்டு. 2011-ல், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எண்ணெய் வாங்க முடியாத மெய்ன் குடும்பங்களுக்காக அவரது ரேடியோ நிலையங்கள் நிதி திரட்டின. நேயர்கள் கொடுப்பதற்கு ஈடாக 70,000 டாலர் வரை தருவதாக, அவரும் மனைவி டபிதாவும் நடத்தும் அறக்கட்டளை அறிவித்தது. ஒரு டாலர் கொடுத்தால் இரண்டு!

உங்க கம்பெனியில் இப்படி 'மேட்சிங்' இருக்கான்னு எச்.ஆர்.கிட்ட கேளுங்க. பழைய வரி முறையில் இருந்தா 80ஜி ரசீதை மறக்காம வாங்குங்க. 2,000 ரூபாய்க்கு மேல கேஷா கொடுத்தா கழிவு கிடையாது.