சுடருக்கு ஒரு வேலி

விளக்கு இருளைப் போக்கும் என்பதை நாம் அறிவோம். விளக்கே உயிரைப் போக்கிய இடமும் ஒன்றுண்டு. அதுவே நிலக்கரிச் சுரங்கம். அங்கே ஒளியைக் காவலாக்க மனிதன் பட்ட பாட்டினை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

நிலக்கரிப் படுகைகளில் மீத்தேன் என்னும் எரிவாயு மறைந்து கிடக்கிறது. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருக்கையில் தீப்பட்டால் வெடிக்கும். மெழுகுவர்த்தியுடன் இறங்கிய தொழிலாளி தன் மரணத்தையே கையில் ஏந்திச் சென்றான் எனலாம். இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள ஃபெல்லிங் சுரங்கத்தில் 1812ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் நேர்ந்த வெடிப்பில் ஆடவரும் சிறுவருமாக 92 பேர் மாண்டனர்.

அக்காலத்தே மருத்துவர் வில்லியம் கிளானி, பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீவன்சன், வேதியியல் அறிஞர் சர் ஹம்ஃப்ரி டேவி ஆகிய மூவரும் தனித்தனியே பாதுகாப்பு விளக்குகளை உருவாக்கினர். டேவி 1815இல் சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பிவலையை அமைத்தார். வாயு வலைக்கண் வழியே உட்புகுந்து எரிந்தாலும், அவ்வெப்பத்தைக் கம்பிகள் ஈர்த்துக்கொள்வதால் தீ வெளியே தாவாது. வாயு மிகுந்தால் சுடரின்மேல் நீலநிற முடி தோன்றி எச்சரிக்கும். இக்கண்டுபிடிப்பிற்கு அவர் காப்புரிமை கோரவில்லை என்பது போற்றத்தக்கது.

ஆயினும் இறப்புகள் ஒழிந்தனவா? இல்லை. ஆபத்தெனக் கைவிடப்பட்ட பகுதிகளுக்கும், விளக்கு இருக்கிறதே என்னும் துணிவில் தொழிலாளர் அனுப்பப்பட்டனர். வலை பழுதுற்றாலும், காற்று விசையுடன் வீசினாலும் தீ வெளியேறியது. காற்றோட்டம் சீராக இல்லாத இடத்தில் விளக்கு மட்டும் என் செய்யும்?

பின்னர்க் கார்பைடு விளக்கு வந்தது. கால்சியம் கார்பைடின்மேல் நீர் சொட்ட, அசிட்டிலின் வாயு எழுந்து வெண்சுடராய் எரியும். குகைகளை ஆய்வோர்க்கு அது நெடுங்காலம் உற்ற துணையாயிற்று. திறந்த சுடராதலின் மீத்தேன் உள்ள சுரங்கத்திற்கு ஆகாது. இன்று இரு சாராரும் தலைக்கவச மின்விளக்கையே அணிகின்றனர். அது வாயுவைக் காட்டாது. ஆதலின் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயுவை அறியும் கருவியும் உடன் வேண்டும். குகை புகுவோர் ஒவ்வொருவரும் மூன்று தனித்தனி விளக்குகளைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அவர்தம் நெறி.

விளக்கைக் கையில் கொடுத்தவுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. அதனை நம்பி இறங்குவோரின் உயிர், மேலே நிற்போரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆகும்.