பொன் நிறுக்கும் கதைகள்

உருவில் சிறிய சிற்பங்களைப் பொம்மையென ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. மேற்கு ஆப்பிரிக்க அக்கான் மக்களின் பித்தளை எடைக்கற்களைக் கண்டோர் அங்ஙனம் ஒதுக்கார். (இரும்பில் வார்த்ததையும் நாம் 'கல்' என்பதால் இச்சொல்லையே ஆள்கின்றேன்.)

இன்றைய கானா, ஐவரி கோஸ்ட் நாடுகளில் வாழும் இம்மக்களிடையே பொன்துகளே நாணயமாகப் புழங்கிற்று. ஏறத்தாழ 1400 முதல் 1900 வரை அதனை நிறுக்க உதவியவை இவை. பெரும்பாலானவை ஓரிரு அங்குல அளவினவே. முதலில் கோடும் கட்டமுமான வடிவங்களே மிகுதி. விலங்கும் மனிதரும் பின்னர் வந்தனர். எடையளவுகளுள் ஒரு பகுதி, சகாராவைக் கடந்து வணிகம் செய்த முஸ்லிம்களின் மித்கால் அளவைத் தழுவியது. ஸகாத் கணக்கில் இருபது மித்கால் பொன் எனப் படித்தோர்க்கு இச்சொல் புதிதன்று.

மெழுகால் உருவம் சமைத்து, களிமண் பொதிந்து, மெழுகை உருக்கி அகற்றி, அவ்விடத்தில் உலோகம் நிரப்பும் இம்முறை சுவாமிமலை ஸ்தபதியர் கைக்கொள்வதே. ஆயினும் அசாந்திக் கொல்லர் உருகிய உலோகத்தைத் தனியே ஊற்றுவதில்லை. பித்தளைத் துண்டுகள் இட்ட மூசையை அச்சோடு ஒட்டி, முழுவதையும் நெருப்பிலிட்டுப் பின் தலைகீழாகக் கவிழ்ப்பர். சிலபோது மெழுகும் வேண்டுவதில்லை. வண்டு, நிலக்கடலை போன்றவற்றையே மண்ணில் பொதிந்து எரித்து, அவற்றின் வடிவை அப்படியே பித்தளையில் பெறுவர்.

என் உள்ளத்தைக் கவர்ந்தது, இருவாய்ச்சிப் பறவையை விரியன் பற்றிய உருவம். பறவை பாம்பிடம் கடன் பட்டதாம். திருப்பித்தர மனமின்றிப் பறந்து திரிந்தது. ஊர்ந்து செல்லும் பாம்பு என்ன செய்யும்? காத்திருந்தது. வறட்சி வந்தது. எஞ்சிய நீர்நிலையில் பறவை இறங்கியே தீரவேண்டும், இறங்கிற்று, சிக்கிற்று. பறக்க இயலாதது பறப்பதைப் பிடித்தது என்று பழமொழியே உண்டு. கடனைத் தீர்க்கும் பொன்னை இவ்வுருவம் கொண்டு நிறுப்பதை எண்ணிப் பாருங்கள். கொடுத்தவன் வாய் திறக்க வேண்டியதில்லை! ஒரே வயிற்றையுடைய இரு முதலைகளும் இவ்வாறே. யார் வாயில் விழுந்தாலும் ஒரே வயிற்றுக்குச் செல்லும் உணவுக்காக அவை சண்டையிடுகின்றன.

1889இல் கோல்டு கோஸ்ட்டின் பிரித்தானிய ஆட்சி பொன்துகளின் நாணயப் புழக்கத்தைச் சட்டத்தால் நீக்கியது. தராசுகள் ஓய்ந்தன. எடைக்கற்கள் ஆயிரக்கணக்கில் ஐரோப்பிய, அமெரிக்கச் சேகரிப்புகளுக்குச் சென்றன. 'பறவையும் பாம்பும், பித்தளை' என்று மட்டும் எழுதிய அட்டையின் அருகே அச்சிற்பம் ஊமையாகிவிடும். கடனும் வறட்சியும் அங்கே இல்லை. உருவத்தைக் காத்தோர் கதையைக் கேட்டு எழுதுவதிலும் அத்துணை அக்கறை காட்டியிருக்கலாம்.

சொல் மட்டும் ஊரிலேயே தங்கியது. 1965இல் கானா செடி நாணயத்தை வெளியிட்டபோது அதன் நூறில் ஒரு பங்குக்குப் 'பெசெவா' எனப் பெயரிட்டது. பொன் நிறுக்கும் மிகச் சிறிய எடையின் பெயர் அது.