மூணு வயசுப் பிள்ளைக்குப் பாரிஸ்ல என்ன வேலை? திண்டுக்கல்லில் இருந்து கிளம்பும் முன் தெரிய வேண்டியவை

"மூணு வயசுப் புள்ளைக்கு ஈபிள் டவரும் ஒண்ணுதான், நம்ம தெருமுனை செல்போன் டவரும் ஒண்ணுதான். காசக் கரியாக்காதீங்க."

பாரிஸ் போகிறோம் என்று சொன்னதும் நாகல் நகர் வீட்டில் அம்மா சொன்ன பதில் இது. மகளுக்கு அப்போது 3 வயது, மகனுக்கு 19 மாதம். போய்விட்டு வந்தபிறகு சொல்கிறேன், அம்மா சொன்னதில் பாதி சரி. பிள்ளைகளுக்கு டவர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் காசுக் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. குழந்தை சின்னதாக இருக்கும்போதுதான் ஐரோப்பா மலிவு.

2, 4, 6, 12: இந்த நாலு எண்கள் போதும்

சர்வதேச விமானங்களில் 2 வயது நிறையாத குழந்தை மடியில் உட்கார்ந்து வரலாம். கட்டணம் பெரும்பாலும் பெரியவர் டிக்கெட்டில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். பயணத்தின் நடுவில் பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பி வரும் விமானத்துக்குத் தனி சீட் எடுக்க வேண்டியிருக்கும். நாங்கள் அவசரப்பட்டதே இதனால்தான்.

பாரிஸ் மெட்ரோ, பேருந்து இரண்டிலும் 4 வயதுக்குக் கீழே இலவசம். ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. 6 வயதுக்குக் கீழே விசா கட்டணமே கிடையாது, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் தனி. 12 வயது நிறையாத பிள்ளைகளுக்குக் கைரேகையும் வேண்டாம். லூவ்ர் மாதிரியான பெரிய அருங்காட்சியகங்களில் 18 வயது வரை அனுமதி இலவசம்.

விசா விண்ணப்பத்தைப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பே கொடுக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

இனிஷியல் என்னும் தலைவலி

நம்ம ஊர்க் குடும்பங்களுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. அப்பா பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் குடும்பப் பெயராக இருக்கும். அம்மாவுக்கு அவங்க அப்பா பெயர். குழந்தைக்கு நம் பெயர். நாலு பேர் குடும்பத்தில் மூணு குடும்பப் பெயர்! ஐரோப்பிய அதிகாரிக்கு இவர்கள் ஒரே குடும்பம் என்பது பார்த்ததும் புரியாது. ஆங்கிலமும் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள். அதில் பெற்றோர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். எங்கள் மகன் சான்றிதழில் ஓர் ஆங்கில 'ஹெச்' கூடுதலாக இருந்தது. அதைத் திருத்தி வாங்குவதற்குள் மூணு வாரம் போய்விட்டது.

குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குத் தாய், தந்தை இருவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். திண்டுக்கல் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. சிறுவர் பாஸ்போர்ட் 5 வருடம்தான் செல்லும். ஷெங்கன் நாடுகளை விட்டு வெளியேறும் நாளிலிருந்து இன்னும் 3 மாதமாவது அதில் பாக்கி இருக்க வேண்டும்.

நெய் போகாது, வாழைப்பழம் போகும்

பிள்ளைகளுக்குச் சாப்பாடு என்று அம்மா ஒரு டப்பா நெய்யும் பால்கோவாவும் கட்டி வைத்திருந்தார். இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். வெளிநாட்டுப் பயணிகள் பால், இறைச்சி, அவற்றில் செய்த பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை. விதிவிலக்கு, பிரிக்காத கம்பெனி பாக்கெட்டில் வரும் குழந்தைப் பால்பவுடர், குழந்தை உணவு. அதுவும் ஃப்ரிட்ஜில் வைக்கத் தேவையில்லாததாக, தலைக்கு 2 கிலோ வரை மட்டும். பழங்களுக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். ஆனால் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் தேவையில்லை. ஆக, சட்டப்படி சிறுமலை வாழைப்பழத்தோடு பாரிஸில் இறங்கலாம். நசுங்காமல் போய்ச் சேருமா என்பது வேறு விஷயம்.

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லி கட்டுப்பாடு குழந்தைக்கான பாலுக்கும் உணவுக்கும் பொருந்தாது. கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மலைக்கோட்டை ஏறிய கால்கள் தயாரா?

இதுதான் யாரும் எங்களுக்குச் சொல்லாதது. பாரிஸ் மெட்ரோ 1900-ல் தொடங்கியது. 300-க்கும் மேல் நிலையங்கள் இருந்தாலும், முழுக்க லிஃப்ட் வசதியுள்ள தடம் 1998-ல் வந்த 14-ம் எண் ஒன்றுதான். மற்ற இடங்களில் பெரும்பாலும் படிதான். இறங்கி, நடந்து, ஏறி, மறுபடி இறங்க வேண்டும். முதல் நாள் நான் ஒரு கையில் தள்ளுவண்டியும் இடுப்பில் மகனும், மனைவி மகளைத் தூக்கிக்கொண்டும் மூணு தடம் மாறினோம். திண்டுக்கல் மலைக்கோட்டையை ஒரே நாளில் நாலு தடவை ஏறி இறங்கிய மாதிரி முழங்கால் பேசியது. வழியில் முன்பின் தெரியாத ஓர் இளைஞர் கேட்காமலே வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாதே!

இரண்டாம் நாளில் இருந்து பேருந்துக்கு மாறினோம். தாழ்தளப் பேருந்து, வண்டியோடு ஏறலாம், ஜன்னல் வழியாக ஊரும் தெரியும். 2025 ஜனவரியில் மெட்ரோ டிக்கெட் 2.50 யூரோ, பேருந்து 2 யூரோ என்று பிரித்துவிட்டார்கள். மெட்ரோ டிக்கெட் பேருந்தில் செல்லாது என்பதைக் கவனியுங்கள். தள்ளுவண்டியைப் பொறுத்தவரை, ஒரே கையால் மடிகிற லேசான வண்டிதான் உதவும். ஓட்டலைப் பதிவு செய்யும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் இல்லாமல் இருப்பது சகஜம்.

ராத்திரி பத்து மணிக்கும் வெயில்

கோடையில் பாரிஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. பிள்ளைகளின் வயிறும் தூக்கமும் திண்டுக்கல் நேரப்படியே இருக்கும். முதல் மூணு நாள் அதிகாலை 3 மணிக்கு இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்துகொண்டார்கள். சாயங்காலம் தூங்க வைக்கலாம் என்றால், ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகிறது. ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறவரை "இன்னும் ராத்திரி வரலப்பா" என்று மகள் படுக்க மறுத்தாள். கடைசியில் கை கொடுத்தது, தூளி கட்டலாமே என்று அம்மா திணித்துவிட்ட சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை. தூளி கட்ட அங்கே வழியில்லை. ஜன்னலில் மடித்துத் தொங்கவிட்டோம்.

இதனால் திட்டத்தை வெட்டிச் சுருக்கினோம். ஒரு நாளைக்கு ஒரே இடம், அதுவும் காலையில். மதியம் தூக்கம், சாயங்காலம் பூங்கா. லூவ்ரில் மோனலிசாவைத் தூர இருந்து பார்த்துவிட்டு 40 நிமிடத்தில் வெளியே வந்தோம். ஆனால் ஜார்தன் தெ பிளாந்த் தாவரப் பூங்காவில் இருக்கிற பரிணாமக் காட்சிக்கூடத்தில், யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரிசையாக ஊர்வலம் போகிற மாதிரி நிற்கிற இடத்தை விட்டு மகள் நகரவே இல்லை (செவ்வாய்க்கிழமை விடுமுறை). லக்ஸம்பர்க் பூங்காக் குளத்தில் வாடகைப் பொம்மைப் படகைக் குச்சியால் தள்ளிவிட்டே மகன் ஒரு மணி நேரம் ஓட்டினான். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். தெருவில் நிற்கும் பச்சைநிற வாலஸ் குழாய்கள் 1872 முதல் இலவசமாகக் குடிநீர் தருகின்றன. தெருவோரத் தானியங்கிக் கழிப்பறைகளும் இலவசம்தான், ஆனால் உள்ளே டயப்பர் மாற்ற மேடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். உடம்பு சரியில்லை என்றால் பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்தகத்தில் முதலில் கேட்கலாம், அவசரத்துக்கு எண் 112.

நாலாவது நாள் மகன் ரொட்டியைத் துப்ப ஆரம்பித்தான். பாலைத் தவிர எதையும் வாயில் வாங்கவில்லை. காய்ச்சல் வேறு வந்துவிடுமோ என்று மனைவி பயந்துபோனார். அப்போதுதான் கார் து நோர் ரயில் நிலையத்தில் இருந்து நடக்கும் தூரத்தில் உள்ள லா ஷப்பலுக்குப் போனோம். 1980-களில் இருந்து இலங்கைத் தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு அது. தமிழில் பெயர்ப்பலகை, முருங்கைக்காய், மல்லிகைச் சரம், இட்லி எல்லாம் உண்டு. பக்கத்தில்தான் மாணிக்க விநாயகர் ஆலயம். ஆகஸ்ட் கடைசியை ஒட்டி ஆண்டுதோறும் அந்தத் தெருக்களில் தேர் ஓடும், தேங்காய் உடைப்பார்கள்.

சின்ன உணவகம் ஒன்றில் உட்கார்ந்தோம். பரிமாறிய அக்கா மகனைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு உறைப்பு இல்லாமத் தரட்டோ?" என்றார். உறைப்பு என்றால் காரம் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது. குழைத்த சோறும் பருப்பும் வந்தது. மூணு நாளாக வாயை இறுக மூடியிருந்தவன் முழுக் கிண்ணத்தையும் காலி செய்தான்.

அன்று இரவு வீடியோ காலில் அம்மா கேட்டது ஈபிள் டவரைப் பற்றி இல்லை. "சின்னவன் என்ன சாப்பிட்டான்?" என்றுதான்.