கேலாங்கில் வாங்கிய காலுறை

இமயமலையில் லாஹோல் பள்ளத்தாக்கின் கேலாங் கடைத்தெருவில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை வாங்கினேன். மேல்பகுதி முழுக்கப் பல நிறக் கட்டங்கள். “கோலாலம்பூர் வெயிலுக்கு இதுவாம்மா?” என்று மகள் சிரித்தாள். கடைக்காரப் பெண்மணிதான், இந்தப் பின்னலைத் தன் ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு ஜெர்மன் பாதிரியாரின் மனைவி என்றார்.

அந்தப் பாதிரியார் வில்ஹெல்ம் ஹைடே. ஹெர்ன்ஹூட்டைத் தலைமையிடமாகக் கொண்ட மொராவிய சபையைச் சேர்ந்தவர். (அந்தச் சபையினர் 1760இலேயே நம் தரங்கம்பாடிக்கும் வந்திருக்கிறார்கள்.) 1853இல் எட்வர்ட் பாகெல் என்பவரோடு புறப்பட்டபோது, மங்கோலியர்களிடம் போவதுதான் ஹைடேயின் திட்டம். ரஷ்யா வழிவிடவில்லை. இந்தியா வழியாக முயன்றார்கள். திபெத்தும் உள்ளே விடவில்லை. 1856இல் கேலாங்கில் தங்கினார்கள். வழி திறக்கும்வரை காத்திருக்கலாம் என்று தங்கிய இடமே வாழ்நாள் ஊராகிவிட்டது.

1859இல் மரியா ஹார்ட்மன் வந்து சேர்ந்தார். தென் அமெரிக்காவின் சுரினாமில் மிஷனரிகளின் மகளாகப் பிறந்தவர். முன்பின் பார்த்திராத மாப்பிள்ளையை மணக்க, ஐரோப்பாவிலிருந்து இமயமலை வரை பயணம்! நம் பாட்டிமார் பலருக்கும் கதை இதுதான் என்றாலும், இவ்வளவு தூரமில்லை.

இன்று மணாலியிலிருந்து 9 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வழியே சுலபமாகப் போய்விடலாம். 2020க்கு முன் பனிக்காலத்தில் ரோதாங் கணவாய் மாதக்கணக்கில் அடைபட்டுவிடும். வயல் வேலையும் இராது. அந்த மாதங்களில்தான் மரியா பெண்களைக் கூட்டிவைத்துப் பின்னல் கற்றுக்கொடுத்தார். ஹைடே பள்ளிக்கூடங்கள் நடத்தினார். திபெத்திய மொழியில் புத்தகங்கள் அச்சிடக் கல்லச்சு ஒன்றும் அங்கே இயங்கியது. லாஹோலின் உருளைக்கிழங்குச் சாகுபடியையும் ஊரார் இவர்கள் கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

சபைக்கு ஆள் சேர்ந்ததா? மிகக் குறைவு. லாஹோல் மக்கள் பாதிரியாரை மதித்தார்கள், தங்கள் பௌத்த வழியை விடவில்லை. 1940இல் கேலாங் மிஷன் மூடப்பட்டது. அனுப்பியவர்களின் பார்வையில் அது தோல்விதான். காலுறையோ இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

என் மனம் நின்றது வேறோர் இடத்தில். அந்தத் தம்பதியின் பிள்ளைகளில் சிலர் சிறு வயதிலேயே இறந்தார்கள். மற்றவர்களைப் படிப்புக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மிஷனரிகள் பிள்ளைகளை ஏழெட்டு வயதில் அப்படி அனுப்புவது அந்தச் சபையின் வழக்கம். ஊரார் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவர் தன் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்புவது எனக்குச் சரியாகவே படவில்லை. விடுதி அறையில் இதைச் சொன்னேன். “நீங்களும்தானே அனுப்புறீங்க?” என்றாள் மகள். மெல்பர்னில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. “உனக்குப் பத்தொன்பது வயசு. தினமும் முகம் பார்த்துப் பேசலாம்” என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

ஹைடே 1898 வரை கேலாங்கில் இருந்தார். பிறகு டார்ஜிலிங் பக்கம் போய், சரத் சந்திர தாஸின் திபெத்திய அகராதியைத் திருத்தும் பணியில் சேர்ந்தார். 1902இல் அது வெளிவந்தது. மறு ஆண்டு தம்பதி ஜெர்மனி திரும்பினார்கள். ஹைடே 1907இல் காலமானார். மரியா அதன்பின் பத்தாண்டு இருந்தார்.

போன மாதம் மகளின் பெட்டியை அடுக்கினோம். மெல்பர்னில் ஜூலையில்தான் குளிர் என்றேன். அவள் கேட்காமல் அந்தக் காலுறையை எடுத்து மேலாக வைத்துக்கொண்டாள்.