கிணற்று நீரும் அரசு மானியமும்

கோயம்புத்தூர் மாவட்டத்தில், நீலகிரி மலையடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ளது காரமடை. அதற்கு வடக்கே, மேட்டுப்பாளையம் வழியாகப் பவானி ஆறு ஓடுகிறது. எனினும் அவ்வாற்றின் பெரிய வாய்க்கால்கள் பவானிசாகர் அணைக்குக் கீழேதான் தொடங்குகின்றன. எனவே, ஆறு அருகிலிருந்தும் காரமடை உழவர்கள் பெரும்பாலும் கிணறுகளையே நம்பியுள்ளனர். வாழை, தென்னை, இவ்வூருக்குப் பெயர் சேர்த்த கறிவேப்பிலை ஆகியன நிலத்தடி நீரால் விளைபவை.

மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், மாட்டின் வலிமையே ஒருநாளில் எடுக்கும் நீருக்கு எல்லை வகுத்தது. மின்மோட்டார் அவ்வெல்லையை நீக்கியது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970களில் கொங்கு உழவர்கள் நாராயணசாமி நாயுடு தலைமையில் போராடினர். 1990இல் உழவர் அனைவருக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. அது பல குடும்பங்களை நிலத்தில் நிலைக்கச் செய்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் நீர் இறைக்கச் செலவில்லை என்றானபின், மோட்டாரை நிறுத்தவும் காரணமில்லாமற் போயிற்று. கிணறு வற்றியோர் ஆழ்துளைக் கிணறு தோண்டினர். அச்செலவு பலரைக் கடனாளியாக்கியது.

இந்நிலையில் உதவியையும் சேமிப்பையும் இணைக்க முயல்வது சொட்டுநீர்ப் பாசன மானியம். மையக்குழாயிலிருந்து பிரியும் சிறு குழாய்கள் பயிரின் வேரடிக்கே நீரைத் துளித்துளியாகக் கொண்டு சேர்க்கின்றன. நீரில் கரையும் உரத்தையும் அவற்றின் வழியே செலுத்தலாம். 5 ஏக்கர் வரை நிலமுடைய சிறு, குறு உழவர்களுக்கு, வரையறுத்த செலவுத்தொகைக்குள் 100 விழுக்காடும், ஏனையோருக்கு 75 விழுக்காடும் தமிழ்நாட்டில் மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், நில வரைபடம், வட்டாட்சியர் வழங்கும் சிறு, குறு விவசாயி சான்று ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். குத்தகைக்கு உழுபவராயின் பதிவுசெய்த நீண்டகால ஒப்பந்தம் தேவை. வாய்மொழிக் குத்தகையே வழக்கமாக உள்ள ஊர்களில் இது சிறிய தடையன்று.

குழாய் பதித்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் துளைகளை அடைத்துவிடும். எலியும் அணிலும் குழாயைக் கடித்துவிடும். வடிகட்டியைக் கழுவிப் பராமரிக்காத தோட்டத்தில், சில ஆண்டுகளிலேயே உழவர் பழையபடி வாய்க்காலில் நீர் பாய்ச்சத் தொடங்கிவிடுகிறார்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. இரண்டு ஏக்கருக்குப் பாய்ந்த நீர் மூன்று ஏக்கருக்குப் போதும் என்றால், உழவர் இயல்பாகவே மூன்றாவது ஏக்கரிலும் பயிரிடுவார். அவரது வருவாய் உயரும். நிலத்தடி நீர்மட்டம் உயராது. பாசனக் கருவிக்கு மட்டும் வழங்கும் மானியத்தால் இதைத் தடுக்க இயலாது. இதே இக்கட்டைச் சந்தித்த பஞ்சாப் 2018இல் வேறொரு வழியைச் சோதித்தது: இலவச மின்சாரத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் அளவை ஒதுக்கி, அதில் பயன்படுத்தாத ஒவ்வோர் அலகுக்கும் 4 ரூபாய் வீதம் உழவரின் வங்கிக் கணக்கில் செலுத்தியது. அங்கே, இறைக்காமல் விட்ட நீருக்கும் ஒரு விலை கிடைத்தது.