வ்யாக்யானப் பதிப்பும் எழுத்துருத் தேர்வும்

திருவாய்மொழி வ்யாக்யானங்களின் திருநாமங்களே எழுத்துக் கணக்கால் அமைந்தவை. 32 எழுத்துக் கொண்டது ஒரு க்ரந்தம். ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி என்னும் வழக்குகள் அக்கணக்கைப் பற்றி வந்தன. எழுத்தை எண்ணிப் போற்றிய ஸம்ப்ரதாயத்தில், அவ்வெழுத்தை எவ்வுருவில் அச்சிடுவது என்பதுமட்டும் அச்சகத்தாரின் விருப்பத்துக்கு விடப்படுவது வியப்பே.

ஓலைச்சுவடியில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் தோன்றாது. காலக்ஷேபத்தில் ஆசார்யன் திருமுகமாகக் கேட்டவர்க்கு அதனால் இடர் இல்லை. அச்சு நூலோ தனியே அமர்ந்து படிப்பவர் கையிலும் சேர்கிறது. 1835இல் அச்சகங்களுக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கியபின் சென்னையில் அச்சுக்கூடங்கள் பெருகின. வ்யாக்யானங்கள் தெலுங்கெழுத்திலும், க்ரந்தம் கலந்த தமிழெழுத்திலும் வெளிவந்தன. ஆந்திர எல்லையை ஒட்டி, இருமொழியும் வழங்கும் ஊத்துக்கோட்டைப் பக்கத்தார்க்கு இவ்விரண்டின் குணமும் குறையும் எளிதில் விளங்கும். வடசொல்லின் வர்க்க எழுத்துகள் தெலுங்கில் பழுதின்றி நிற்கும். அருளிச்செயலின் ழகரமும் நகர னகர வேறுபாடும் அங்கு நில்லா. தனித்தமிழெழுத்தில் நிலை நேர்மாறு. மணிப்ரவாளத்துக்கு இரண்டும் வேண்டும்.

இது வெறும் அழகைப் பற்றிய பேச்சன்று. "பாவம்" என்று அச்சிட்டால் அது கருத்தா, தீவினையா? பயிலாதவர் கருத்தைச் சொல்லுமிடத்தில் தீவினையைப் படிப்பர். "பலம்" என்பது வலிமையா, பேறா? உபாயத்தையும் பேற்றையும் பிரித்துப் பேசும் ரஹஸ்யார்த்தத்தில் இம்மயக்கம் பொறுக்கத்தக்கதன்று. பா⁴வம், ப³லம், ப²லம் என எண்ணிட்டு அச்சிடுவது நல்ல உபாயம். ஆனால் அடிக்குறிப்புக்கும் அதே சிற்றெண்களை இட்டால் ப⁴ எது, நான்காம் குறிப்பு எது என்று தெரியாமற்போம். அடிக்குறிப்புக்கு உடுக்குறியை வைத்துக்கொள்வதே தக்கது.

எழுத்துருவில் முதலிற் பார்க்கவேண்டியது புள்ளி. மெல்லிய உருக்களில், சிறிய அளவில், அது தாளில் மறைந்து மெய் உயிர்மெய்யாகிவிடும். அடுத்தது ரகரமும் காலும். இரண்டும் ஒன்றுபோல் தோன்றும் உருவை எவ்வளவு அழகாயினும் விலக்கவேண்டும். 12 பாயிண்ட் என்னும் பெயரளவையும் நம்பலாகாது. ஓர் உருவின் 12 மற்றோர் உருவின் 10 போல் தோன்றும். மேலே சுழியும் கீழே கூட்டெழுத்தின் வாலும் நீளுதலால் தமிழுக்கு ஆங்கிலத்தினும் அகன்ற வரியிடை வேண்டும். 12க்கு 17 அல்லது 18 பாயிண்ட் பொருந்தும்.

மூலம் பெரிதாகவும், வ்யாக்யானம் அதனிற் சிறிதாகவும், அரும்பதம் மேலும் சிறிதாகவும் அமைவது பழைய முறை, அது நன்று. ஆனால் வ்யாக்யானத்தினுள் பாசுரச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகையில் அவற்றையெல்லாம் தடித்த எழுத்தில் இட்டால் பக்கம் புள்ளிமான் தோலாகிவிடும். மேற்கோட்குறியே போதும். ஆங்கிலத்தைப் பார்த்து எழுத்தைச் சாய்ப்பது தமிழுக்குப் பொருந்துவதன்று.

கணினியில் மற்றொரு நுட்பம் உண்டு. ஶ என்னும் எழுத்து யூனிகோடில் 2005இல் சேர்ந்தது. அதற்கு முன் ஸகரத்தைக்கொண்டே ஸ்ரீ அமைந்தது. பின்னர் ஶகரத்தாலும் அமைகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு. ஒரே நூலில் இரண்டும் கலந்திருந்தால், பிராட்டியின் திருநாமத்தைத் தேடுபவர்க்குப் பாதி இடங்கள் அகப்படமாட்டா. பதிப்புக்கு முன் ஒன்றாக்கிவிட வேண்டும். க்ரந்த லிபிக்கு 2014இல் தனியிடம் கிடைத்துவிட்டது. ப்ரமாணங்களை அதில் அச்சிட விரும்புவோர்க்கு இனித் தடையில்லை.

எழுத்துருவை உறுதிசெய்யுமுன், ஜ்ஞ, க்ஷ, ஹ்ர முதலியன நிறைந்த ஒரு பக்கத்தை நூல் வெளிவரும் தாளிலேயே, அதே அளவில் அச்சிட்டு, முதியவர் ஒருவரை உரக்கப் படிக்கச் செய்யவேண்டும். அவர் தயங்குமிடந்தோறும் குறியிட்டு, அத்தயக்கம் பொருளாலோ உருவாலோ என்று பார்க்கவேண்டும்.